கொல்கத்தாவின் அட்டா

கொல்கத்தா மாநகருக்குச் செல்வோர் காணவேண்டியவை இன்னின்ன என்று வழிகாட்டி நூல்கள் கூறும். ஹௌரா பாலம், விக்டோரியா நினைவு மண்டபம், தட்சிணேசுவரக் காளி கோயில், பேலூர் மடம் ஆகியவற்றை நாமும் கண்டோம், மகிழ்ந்தோம். அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். ஆதலின் அவற்றை விடுத்து, நுழைவுக் கட்டணமோ பார்வை நேரமோ இல்லாத ஒன்றைப் பற்றி இங்கு எழுத விழைகின்றோம். அதன் பெயர் அட்டா.

இச்சொல்லின் நடுவெழுத்தை மெலிதாக ஒலிக்க வேண்டும். நண்பர்கள் கூடும் இடத்துக்கும் அப்பெயர். கூடிப் பேசும் பேச்சுக்கும் அப்பெயரே. அட்டாவுக்குத் தலைவர் இல்லை, வரவேற்புரை இல்லை, நன்றியுரையும் இல்லை. நேற்றைய பந்தாட்டம், அண்மையில் படித்த கதை, பார்க்கவிருக்கும் திரைப்படம், மகளின் தேர்வு, மீனின் விலை ஆகிய இவையே பொருள். தீர்மானம் எதுவும் நிறைவேறுவதில்லை. ஆயினும் மறுநாளும் கூடுகின்றனர்.

வடகொல்கத்தாவின் குறுகிய சந்துகளில் நடந்தால் இதன் பழைய இருப்பிடத்தைக் காணலாம். பழம் வீடுகளின் முகப்பில், தெருவை நோக்கி ஒரு மேடை கட்டியிருப்பர். 'ரோயாக்' என்பர் வங்காளியர். நம் திண்ணையேதான் அது! வழிப்போக்கன் இளைப்பாற நம் முன்னோர் திண்ணை அமைத்தனர். இங்கோ அண்டை வீட்டார் வந்து அமர ரோயாக் பயன்பட்டது. நம் ஊர்களில் திண்ணைகள் மறைந்தது போலவே அங்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள் ரோயாக்குகளை விழுங்கி வருகின்றன. எஞ்சியவற்றில் மாலை நேரத்தில் முதியோர் நால்வர் மண்குவளையில் தேநீர் அருந்தியவாறு பேசியிருப்பதை நாம் கண்டோம்.

ரோயாக்கிலிருந்து புறப்பட்ட பேச்சு பெரிய மண்டபம் ஒன்றை அடைந்த இடம் காலேஜ் தெரு. 1817-இல் இந்துக் கல்லூரியாகத் தோன்றிய பிரெசிடென்சியும், 1857-இல் நிறுவப்பெற்ற கல்கத்தாப் பல்கலைக்கழகமும் அங்கு உள்ளன. நடைபாதை முழுவதும் புத்தகக் கடைகள். பொறியியல் நூலுக்குப் பக்கத்தில் புராணம். அதன்மேல் பழைய வினாத்தாள்கள். இத்தெருவை ஒட்டி, 1876-இல் எழுந்த ஆல்பர்ட் மண்டபத்தில், 1942-இல் காபி வாரியம் ஒரு காபிக் கடையைத் திறந்தது. 1950-களின் பிற்பகுதியில் வாரியம் இத்தகைய கடைகளைக் கைவிட முற்பட்டபோது, நாடெங்கும் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றை ஏற்று நடத்தலாயினர். இம்மண்டபமும் அவ்வாறே கூட்டுறவின் கைக்கு வந்தது.

உயர்ந்த கூரை, சுழலும் மின்விசிறிகள், தலைப்பாகை அணிந்த பணியாளர்கள், மேலே சுற்றிலும் மாடம். இவற்றைவிட வியப்பூட்டுவது அங்குள்ள இரைச்சல். பாலில்லாக் காபியை 'இன்ஃபியூஷன்' என்று கேட்கின்றனர். ஒரு குவளையை முன்வைத்து இரண்டு மணி நேரம் அமர்ந்தாலும் எழுந்து போகுமாறு சொல்வாரில்லை. தேயிலை விளையும் நாட்டில், தென்னாட்டு மலைகளில் விளையும் காபி இத்தனை நட்புகளை வளர்த்திருப்பது நமக்குப் பெருமையன்றோ! இங்கு கூடிய நண்பர்கள் வாழ்க்கையில் சிதறிப்போனதைப் பற்றி மன்னா தே பாடிய பாடலை அறியாத வங்காளியர் அரியர்.

நாம் அமர்ந்த மேசைக்கு அருகே கல்லூரி மாணவ மாணவியர் அறுவர் ஒரு கதையைப் பற்றி வாதிட்டுக் கொண்டிருந்தனர். அது அவ்வாண்டு பூஜைச் சிறப்பிதழில் வந்த கதையாம். தீபாவளி மலர் நமக்கு எப்படியோ, துர்க்கா பூஜைச் சிறப்பிதழ்கள் அவர்களுக்கு அப்படி. பத்திரிகைகளில் இவர்களுக்குள்ள பற்றுக்கு மற்றொரு சான்று, சந்தீப் தத்தா என்னும் அன்பர் 1978-இல் தம் வீட்டிலேயே சிற்றிதழ்களுக்கென அமைத்த நூலகம்.

புத்தகத்துக்கு அடுத்தது பந்தாட்டம். 1889-இல் தோன்றிய மோகன் பகான் கழகம், 1911-இல், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய வீரர்களைக் கொண்டு, கிழக்கு யார்க்‌ஷையர் படைப்பிரிவின் அணியை 2-1 என்று வென்று கேடயம் பெற்றது. 1920-இல் ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றியது. 1947-இல் நாடு பிரிந்தபோது, வீடும் நிலமும் இழந்து கிழக்கிலிருந்து வந்தோர்க்கு, தம் மண்ணின் பெயரைத் தாங்கிய அக்கழகமே ஊராயிற்று எனலாம். மோகன் பகான் வென்றால் இறால், ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன் என்று வீடுகளில் சமையல் மாறும். 1997-இல் இவ்விரு அணிகளும் மோதிய ஆட்டத்தைக் காண 1,31,000-க்கும் மேற்பட்டோர் சால்ட் லேக் அரங்கில் திரண்டனர்.

இப்பகைமையில் நமக்கும் பங்குண்டு. 1949-ஆம் ஆண்டையொட்டி ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசையில் ஆடிய அகமது கான், வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டினர். 'பஞ்ச பாண்டவர்' என்று வங்காளியர் அவர்களைக் கொண்டாடினர். பின்னர் வந்தவர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த அவர், 1961-இல் ஈஸ்ட் பெங்காலுக்குத் தலைமை தாங்கினார். 1962-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் ஆடினார்.

தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியில், வாழையிலையும் மல்லிகைச் சரமும் விற்கும் கடைகளுக்குச் சற்று அப்பால், முதியவர் ஒருவரைக் கண்டோம். 1961-இல், இருபது வயதில், தட்டச்சு வேலைக்காக வந்தவர். முதல் சில மாதங்கள் அலுவலகம், சாப்பாட்டு மெஸ், தபால் நிலையம் ஆகிய மூன்றையன்றி வேறெதுவும் அறியாராம். ஒரு மாலை தேநீர்க் கடையில் அருகிலிருந்தவர், "பலராம் உங்கள் ஊர்க்காரரா?" என்று ஆங்கிலத்தில் வினவினார். "ஊர் வேறு, தாய்மொழி ஒன்று" என்றார் இவர். அடுத்த சனிக்கிழமை இருவரும் மைதானத்தில் இருந்தனர்.

"வங்காளியைப் புத்தகம் வைத்துக் கற்றீர்களா, ஐயா?" என்று கேட்டோம்.

"புத்தகமா? பந்தாட்டச் சண்டையில் கற்றுக்கொண்டேன், தம்பி! சண்டையில் பதில் சொல்ல வேண்டுமே!" என்று நகைத்தார்.

அன்று வினவிய நண்பர் இன்றில்லை. பெரியவரின் மக்கள் இருவரும் வெளிநாட்டில் உள்ளனர். துணைவியார் காலமான இரவில், மக்கள் வந்து சேரும்வரை வீட்டில் உடனிருந்து செய்ய வேண்டியன செய்தோர் அந்தப் பந்தாட்ட நண்பர்களின் குடும்பத்தாரே. நண்பரின் மகன் இன்றும் ஞாயிறுதோறும் வந்து, சிற்றப்பன் என்று பொருள்படும் 'காக்கு' என்றழைத்து, ஆட்டத்தைப் பற்றிப் பேசிச் செல்கிறார்.

அட்டா வெறும் வீண்பேச்சு என்பாரும் உண்டு. சத்யஜித் ராய் தம் இறுதிப் படமான 'ஆகந்துக்'கில் (1991) இவ்வழக்கை வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார். அட்டா வங்காளியின் கண்டுபிடிப்பு என்று பெருமை பேசும் ஒருவருக்கு, பண்டைய ஏதென்ஸ் நகரின் உரையாடல்களை நினைவூட்டுகிறார் கதைத்தலைவர். ராயும் ஓர் அட்டாவில் வளர்ந்தவரே. 1947-இல் அவரும் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களும் திரைப்படக் கழகம் தொடங்கி, அயல்நாட்டுப் படங்களைக் கூடிப் பார்த்தனர், கூடிப் பேசினர். எட்டாண்டு கழித்துப் 'பதேர் பாஞ்சாலி' வந்தது.

குறையொன்றும் சொல்லியாக வேண்டும். ரோயாக்கில் ஆடவர் அரட்டையடிக்கத் தேநீர் வைத்தனுப்பியவர் உள்ளே இருந்த பெண்டிர். அவர்கள் பேச்சு முற்றத்திலும் மொட்டைமாடியிலும் நடந்தது. இன்று அவ்வேலி பெரிதும் தளர்ந்துவிட்டது. துர்க்கா பூஜை நாட்களில் பந்தலடியில் பாட்டி முதல் பேத்தி வரை நாற்காலி போட்டு அமர்ந்து பேசும் காட்சி நம் உள்ளத்தைக் கவர்ந்தது.

நாகபுரியிலோ புனேயிலோ தில்லியிலோ வாழும் நம் குடும்பங்கள் இதிலிருந்து கொள்ளத்தக்கது என்ன? நாம் பொங்கல் விழா எடுக்கிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். இவை வேண்டும். ஆனால் மாடிப்படியில் பத்தாண்டு எதிர்ப்பட்ட அண்டை வீட்டாருக்கு எந்தப் பாடல் பிடிக்கும், எந்த ஆட்டக்காரர் பிடிக்கும் என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பெரிய கொள்கைகளைப் பேசி நட்புக் கொள்வோர் சிலரே. சிறு விருப்பங்களே பெரும்பாலோர்க்கு வாயில். பலராமின் பெயர் ஒரு தனி இளைஞனுக்கு ஒரு நகரத்தையே திறந்துவிட்டது. நம்மிடமும் சொல்வதற்குக் கதைகளும் படங்களும் பாட்டுகளும் இல்லாமற் போகவில்லை. கேட்பதற்குச் செவியும் சற்று நேரமுமே வேண்டும்.

கொல்கத்தா செல்லும் அன்பர்கள் மகாத்மா காந்தி ரோடு மெட்ரோ நிலையத்தில் இறங்கிக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் காலேஜ் தெருவை அடையலாம். மாலையில் செல்வது நலம். காபி ஹவுஸில் தனி மேசை கிடைப்பது அரிது. பிறர் மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அனுமதி கேட்டு அமருங்கள். அவர்களே பேச்சைத் தொடங்குவர்.