நோவு

மத்திகிரி கூட்ரோட்டில் காலை வேளையில் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களிடையே ஒரே முறையீட்டை மூன்று மொழிகளில் கேட்கலாம். தமிழர் 'இடுப்பு நோவு' என்பார். தெலுங்கர் 'நொப்பி' என்பார். கன்னடர் 'நோவு' என்பார். வேர் ஒன்றே. தமிழ் கற்பிக்கும் எங்களுக்கு அது பல ஆண்டுகளாக ஒரு வகுப்பறை எடுத்துக்காட்டு மட்டுமே. சென்ற தேர்வுக் காலத்தில்தான் அதன் பொருள் உறைத்தது.

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் மதிப்பெண் பதிவுகளைக் கவனிக்கும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். எங்களைவிட மூத்தவர், அனைவருக்கும் 'அக்கா'. முன்பு மூவர் பார்த்த வேலை இரண்டாண்டுகளாக அவர் ஒருவரிடமே. நாக் குழுவின் வருகைக்காகப் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணியும் அவர் தலையில் விழுந்தது. கழுத்தில் தொடங்கிய வலி தோளுக்கு இறங்கியது, விரல்கள் மரத்தன. மாதத்தில் மூன்று நாள், நான்கு நாள் என்று விடுப்பு எடுக்கலானார். பெரும்பாலும் அவை திங்கட்கிழமைகள்.

ஆசிரியர் அறையில் நாங்கள் சிரித்தோம். 'திங்கட்கிழமைக் கழுத்துவலி' என்று பெயரும் சூட்டினோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எங்கள் ஐயம் தீர்ப்பாகிவிட்டது. அவருக்குச் சம்பளம் பிடிக்கப்பட்டபோது நாங்கள் எவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு மாலை, பேருந்தில் அருகில் அமர்ந்தவர் தாமாகவே சொன்னார்: "படத்துல ஒண்ணும் தெரியலைங்க மேடம். ஆனா ஞாயித்துக்கிழமை சாயந்திரமே ஆரம்பிச்சிடுது. நாளைக்கு எதுக்குப் பதில் சொல்லணுமோன்னு நெனச்சாலே தோள் இறுகிப்போகுது."

நாங்கள் எள்ளிய திங்கட்கிழமைக்கு விளக்கம் அதுதான்.

இது புதிய நோயன்று. இத்தாலிய மருத்துவர் ராமசீனி, தொழில்சார் நோய்களைப் பற்றி எழுதிய நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களுக்கும் இடம் தந்தார். ஓயாத இருக்கை, கையின் மாறாத அசைவு, பிழை நேராதிருக்க வேண்டுமென்ற மனத்தின் இறுக்கம் ஆகிய மூன்றையும் காரணங்களாகக் காட்டினார். 1985இல் தொடங்கி, லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வு, அடிநிலை ஊழியர்களின் நோய் விடுப்பு உயர்நிலையினருடையதைவிடப் பன்மடங்கு மிகுதி என்று கண்டது. தம் வேலையின் வேகத்தையும் முறையையும் தாமே தீர்மானிக்க இயலாத நிலை அதற்கொரு காரணம் என்றும் அது காட்டியது.

தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. நாள் முழுதும் நின்றவர்களுக்கு அது பெரும் ஆறுதல். நாள் முழுதும் அமர்ந்திருப்பவருக்கோ எழுந்து நடக்க ஐந்து நிமிடம் வேண்டும். இருவர் இழந்ததும் ஒன்றே: தம் உடலைத் தாமே ஆளும் உரிமை.

சங்கப் பாடல்களில் 'நோய்' என்னும் சொல் மனத்துயரையே பெரிதும் குறிக்கும் என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். உடலின் நோவுக்கும் உள்ளத்தின் நோவுக்கும் ஒரே வேர்ச்சொல்லை வைத்த மொழியைக் கற்பிக்கும் நாங்களே, எலும்பில் தெரியாத வலியைப் பொய் என்றோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். விடைத்தாள் திருத்தித் தோள் வலித்தபோது நாங்களும் விடுப்பு எடுத்திருக்கிறோம். எங்கள் கடிதங்களை எவரும் இருமுறை படித்ததில்லை, எக்ஸ்ரே கேட்டதுமில்லை.

பின்னர் நாங்கள் நால்வர் சேர்ந்து முதல்வரிடம் பேசினோம். நல்ல நாற்காலி ஒன்று வந்தது. உதவிக்கு ஆள் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்" என்றார். அந்தப் பெருந்தன்மை எங்களை மேலும் சுட்டது.

மத்திகிரியின் கால்நடைப் பண்ணை 1824இல் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது. இன்றும் அதன் வேலியோரமாகத்தான் வீடு திரும்புகிறோம். அன்று ஒரு குதிரை நொண்டியிருந்தால் குளம்பைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள்; அது நடிக்கிறதா என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.