போர்டு போச்சு

"போர்டு போச்சு" என்பதுதான் இந்தக் காலத்து ரிப்பேர் கடைகளில் கடைசித் தீர்ப்பு. டிவியோ வாஷிங் மெஷினோ, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. முன்பு "வால்வு போச்சு" என்பார்கள். வால்வை மாற்றினால் ரேடியோ பாடும். போர்டை மாற்றுகிற விலைக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

போன மாதம் இந்தத் தீர்ப்போடு வந்து நின்றான் தம்பியின் பேரன். கையில் நிண்டெண்டோ டிஎஸ் லைட் என்ற வீடியோ கேம். 2006-இல் வெளிவந்த மாடல். டைரி போல மடக்கலாம், மேலும் கீழும் இரண்டு திரைகள். அவன் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. அவர் இப்போது இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவுக்குள் ஆறு வந்தபோது, பரணில் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்ததால் இது தப்பியது.

கீல் உடைவது இந்த மாடலின் பிறவிக் குணம். மற்றபடி நன்றாகத்தான் ஓடியது. கூட்டை மாற்றத் திருநெல்வேலியில் ஒரு கடையில் கொடுத்தார்கள். புதுக் கூடு பளபளவென்று வந்தது; உயிர் வரவில்லை.

"போர்டு மாத்தணுமாம் தாத்தா. மாத்துனா அப்பா பேரு போயிருமே" என்றான்.

அவன் சொன்னது சரி. விளையாட்டுக் கணக்கெல்லாம் சொருகுகிற கார்டில் இருக்கும். ஆனால் வாங்கியவர் பதிந்து வைக்கும் பெயர், பிறந்த நாள், ஒரு வரிச் செய்தி மூன்றும் போர்டிலேயே இருப்பவை.

நான் தொலைபேசி இலாகாவில் கேபிள் பார்த்தவன். நேற்றுவரை பேசிய லைன் இன்று செத்தால், நேற்று எவன் எங்கே பள்ளம் தோண்டினான் என்றுதான் முதலில் கேட்போம். ரிப்பேருக்குப் பிறகு செத்த பொருளுக்கும் அதே கேள்விதான். கை பட்ட இடம் எது?

சார்ஜரைச் செருகினேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறும் வழி சரி. சுவிட்சைத் தள்ளினேன். பச்சை விளக்கு ஒரு நொடி எரிந்து, ஸ்பீக்கரில் 'டப்' என்று சத்தம் கேட்டு அணைந்தது. சந்தோஷமாக இருந்தது. பச்சை எட்டியே பார்க்காவிட்டால் பியூஸைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றாமல் திருப்புளியை விட்டால், கடுகளவு பியூஸ் போய்விடும். இங்கே கரண்ட் போர்டு வரை வருகிறது. விழித்துப் பார்த்து, ஏதோ ஒன்றைக் காணோம் என்று தானே படுத்துக்கொள்கிறது. திரை இணைப்பு சரியில்லை என்றால் இந்த மாடல் இப்படித்தான் செய்யும்.

மேல் திரையிலிருந்து வரும் ரிப்பன் கேபிளைப் பீடி போலச் சுருட்டிக் கீலின் துளை வழியே நுழைத்துத்தான் போர்டுக்குக் கொண்டுவர வேண்டும். கூடு மாற்றுகிறவன் கை படாமல் இருக்கவே முடியாத இடம்.

பேட்டரியை எடுத்துவிட்டுத் திறந்தேன். சில திருகுகளுக்கு மூன்று கால் தலை. அதற்கான திருப்புளியைத் தெரிந்த செல்போன் கடைப் பையன் தந்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால், ரிப்பன் ஒரு பக்கம் உள்ளே, மறு பக்கம் அரை மில்லிமீட்டர் வெளியே. மேலே கறுப்புப் பூட்டு சரியாக அமுங்கவில்லை. பூட்டைத் தூக்கி, ரிப்பன் முனையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, நேராகச் செருகி அமுக்கினேன். கிழிந்திருந்தால் என் கையிலும் ஒன்றுமில்லை. நல்லவேளை, மடிப்பு விழுந்திருந்ததே தவிர கிழியவில்லை.

பேட்டரியைப் போட்டுச் சுவிட்சைத் தள்ளினான் பையன். பச்சை நின்று எரிந்தது. இரண்டு திரையும் வெளுத்தன.

செட்டிங்ஸுக்குள் போய் அப்பா பெயரைப் பார்த்தான். கீழே செய்தி. அதில் தமிழ் எழுத்து கிடையாது என்பதால் இங்கிலீஷ் எழுத்தில், "தொட்டா உதை". தன் தம்பிக்காக எழுதி வைத்திருப்பான் போல. பையனின் அம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

பேட்டரியைக் கழற்றியதில் கடிகாரம் மட்டும் பின்னால் போயிருந்தது. தேதியைச் சரியாக வைக்கச் சொன்னேன். பதிந்த பிறந்த நாளன்று போட்டால், வழக்கமான சத்தத்துக்குப் பதில் வேறு ஒரு மெட்டு வாசிக்கும். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை சார்ஜ் இறங்கிவிடக் கூடாதென்று தினமும் ராத்திரி செருகி வைக்கிறான்.