பீப்பாயில் காத்திருக்கும் பாகு

கானடா தேசத்துக் கொடியில் விளங்கும் சிவப்பு இலை மேப்பிள் மரத்தின் இலை என்று பூகோள வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். அந்த மரத்தை நம்பிக் குடியானவர்கள் எவ்விதம் ஜீவிக்கிறார்கள் என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது என்பது நம் அபிப்பிராயம்.

குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் நீர் உறைந்து பகலில் உருகும் சில வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் இனிய சாறு வடியும். சுமார் 40 லிட்டர் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு மிஞ்சும். துளையிடும் பருமனை எட்ட மரத்துக்கு ஏறக்குறைய 40 வருஷம் செல்லும். பாட்டன் காத்த மரமே பேரனுக்குப் படியளக்கிறது. வெயில் முந்திக்கொண்டாலோ, அவ்வருஷத்து வரும்படி குன்றிவிடும்.

உலகத்து மேப்பிள் பாகில் பெரும்பகுதி கியூபெக் மாகாணத்தில் உற்பத்தியாகிறது. விளைச்சல் மிகுந்தால் விலை சரியும். குறைந்தால் விற்கச் சரக்கிராது. இவ்விரண்டுக்கும் நடுவே தவித்தவர்கள் 1966-ல் ஒரு சம்மேளனம் கண்டார்கள். மிஞ்சிய பாகைப் பீப்பாய்களில் அடைத்து, 2000-ம் ஆண்டு முதல் பொதுக் கையிருப்பாகச் சேமித்தார்கள். 2004 முதல் இன்னார் இவ்வளவே விற்கலாம் என்று வரம்பும் கட்டினார்கள். 2021-ல் விளைச்சல் குன்றியபோது, கையிருப்பிலிருந்து சுமார் 5 கோடி ராத்தல் பாகை வெளியிட்டு வியாபாரத்தை நிலைநிறுத்தினார்கள்.

சேமித்த பொருளுக்குக் கள்வர் பயமும் உண்டல்லவா? 2011, 2012 ஆண்டுகளில் ஒரு கிடங்கிலிருந்து ஏறக்குறைய 3,000 டன் பாகு களவு போயிற்று. அதன் மதிப்பு சுமார் 1 கோடியே 80 லட்சம் கானடா டாலர். சோதித்தவர்கள் சில பீப்பாய்களில் வெறும் தண்ணீரையே கண்டார்கள்!

எனினும், களவைவிடக் கடினமான பிரச்னை ஒன்று இருக்கிறது. கையிருப்பில் சேர்ந்த பாகுக்குரிய முழுப் பணமும் அது விற்ற பின்னரே குடியானவன் கைக்கு வரும். அதைப் பொறாமல் அண்டை மாகாணத்துக்குப் பாகைக் கடத்தி விற்று, அபராதத்துக்கும் வழக்குக்கும் ஆளானவர்கள் உண்டு. கட்டுப்பாட்டை மீறியவர்கள் என்று அவர்களைச் சுலபமாகக் கண்டித்துவிடலாம். நாம் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்று மாதச் சம்பளம் தாமதப்பட்டது. பணம் வந்துவிடும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அந்த நம்பிக்கையை மளிகைக் கடையில் கொடுத்து அரிசி வாங்க முடியவில்லை. காத்திருக்கச் சொல்லும் கணக்கு வேறு, காத்திருக்கும் வீட்டின் கணக்கு வேறு.

இதனால் சம்மேளனம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தனித்தனியே நின்றால், விலை சரியும் வருஷத்தில் முதலில் அழிபவன் ஏழையே. பொதுக் களஞ்சியம் அவனுக்குக் காவல்தான். ஆனால் அக்காவலுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கை அவனே பசியோடு சுமக்கலாகாது. காத்திருப்பவனுடைய அடுப்புச் செலவையும் சேர்த்து எழுதினால்தான் சங்கத்தின் கணக்கு நியாயமான கணக்காகும்.