மரத்துப் போகிற சமாச்சாரம்

பல் பிடுங்கிக்கொண்ட அனுபவம் உண்டா உங்களுக்கு? டாக்டர் ஈறில் ஓர் ஊசி போடுவார். ஐந்து நிமிஷத்தில் உதடு யாருடையதோ மாதிரி ஆகிவிடும். காபி குடித்தால் சட்டையில் வழியும். கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது.

அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது லிக்னோகெய்ன். சில நாடுகளில் லிடோகெய்ன் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்க்ரென் என்ற வேதியியல்காரர் தயாரித்தது. நரம்புக்குள் சோடியம் போகிற வாசலை இது அடைத்துவிடும். சேதி கிளம்பாது, மூளைக்கு ஒன்றும் தெரியாது.

தாம்பத்தியத்தில் ஆண்களுக்கு 'நேரம் நீடிக்க' என்று விற்கிறார்களே ஸ்ப்ரே, ஒழுங்கான கம்பெனி சரக்கென்றால் அதற்குள் இருப்பதும் இந்தக் குடும்பத்து மருந்துதான். மூலிகை ரகசியமும் இல்லை, ராஜ வைத்தியமும் இல்லை. மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்கிறீர்களா? நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகையில், மருத்துவக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை கொஞ்ச நாள் என் தலையில் விழுந்தது. 'பெயர், ஊர் வேண்டாம்' என்று முடியும் கடிதங்களில் நிறைய இதே பாட்டுதான். "சார், சீக்கிரம் முடிஞ்சிடுது."

ஒரு கடிதம் மறக்கவில்லை. கல்யாணமாகி எட்டு மாசம். துபாயிலிருந்து வந்த சிநேகிதர் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார். லேபிளில் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ஆனாலும் ரகசியமாக அடித்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் மனைவி அழுகிறார்: "எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. உடம்புல ஏதாவது வியாதியா?" இவருக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எங்களுக்கு எழுதிவிட்டார்.

நான் பி.காம். படித்தவன். எங்கள் ஆடிட்டிங் வாத்தியார், "பாலன்ஸ் ஷீட்டை அப்புறம் பாருடா. கீழே பொடி எழுத்துல இருக்கே, அதை மொதல்ல படி" என்பார். மருந்து பாட்டிலுக்கும் அதேதான்.

பொடி எழுத்தில் முதலில் பார்க்கவேண்டியது பெயர். லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன், பென்ஸோகெய்ன் என்று 'கெய்ன்' போட்டு ஏதாவது இருக்கும். அடுத்தது அளவு. அமெரிக்காவில் 1992-ல் வந்த விதிப்படி லிடோகெய்ன் ஸ்ப்ரே என்றால் ஒரு அழுத்துக்குச் சுமார் 10 மில்லிகிராம். மூன்று அழுத்திலிருந்து பத்து வரைதான் போகலாம். ஐரோப்பாவில் 2013-ல் அனுமதி பெற்ற ஒரு ஸ்ப்ரேயில், ஒரு அழுத்துக்கு லிடோகெய்ன் 7.5 மில்லிகிராம், பிரிலோகெய்ன் 2.5. மூன்று அழுத்து ஒரு டோஸ்.

'நிறைய அடிச்சா நிறைய நேரம்' என்ற கணக்கு இங்கே உதைக்கும். ரொம்ப மரத்தால் விறைப்பே போய்விடும். தோல் வழியாக மருந்து ரத்தத்துக்கும் போகும். அமெரிக்காவில் இரண்டு இளம்பெண்கள், முடி நீக்கும் லேசர் சிகிச்சைக்கு முன்னால் கால் முழுக்க மரப்பு க்ரீம் தடவி மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டார்கள். வலிப்பு வந்து, நினைவு தப்பி, இறந்தே போனார்கள். 2007-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைச் சொல்லி எச்சரித்தது. மேலே தடவுவதுதானே என்று அலட்சியம் கூடாது.

பென்ஸோகெய்னும் பிரிலோகெய்னும் அபூர்வமாக இன்னொரு வேலை செய்யும். ரத்தத்தால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகும். உதடும் நகமும் நீலம் பாரித்து மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள், டாப்சோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 'கெய்ன்' ஊசி ஒவ்வாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

லேபிளே இல்லாத சரக்கு? அதற்கும் கதை உண்டு. நியூயார்க்கில் 1993-க்கும் 1995-க்கும் நடுவில், மேலே தடவ என்று விற்ற ஒரு கறுப்புக் கட்டியை ஐந்து ஆண்கள் விழுங்கிவிட்டார்கள். நான்கு பேர் பிழைக்கவில்லை. சோதித்தால், தேரை விஷத்தில் இருக்கிற, இதயத்தை நிறுத்தும் சரக்கு. என்ன இருக்கிறது, எப்படி உபயோகிப்பது என்று ஒரு வரி படித்திருந்தால் இருந்திருப்பார்கள்.

சரி, அந்த மனைவிக்கு என்ன வியாதி? ஒரு வியாதியும் இல்லை. ஸ்ப்ரே அடித்தால் ஐந்து நிமிஷம் பொறுத்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆணுறை போட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மருந்து அவர் உடம்புக்கும் போகும், அவருக்கும் மரக்கும். தனக்குத் தெரியாமல் மருந்து வாங்கிக்கொண்டு, தன்மேலேயே சந்தேகப்பட்டு அழுதிருக்கிறார் அந்தப் பெண். என்னை உறுத்துவது இதுதான்.

இன்னொன்று. இந்த ஸ்ப்ரே எல்லோருக்கும் தேவையா? 2005-ல் வெளியான ஆய்வில், ஐந்து நாடுகளில் சுமார் 500 ஜோடிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்துக் கணக்கெடுத்தார்கள். மீடியன் 5.4 நிமிஷம். அரைமணி, ஒருமணி என்பதெல்லாம் லாட்ஜ் வைத்தியர் விளம்பரக் கணக்கு. ஆரம்பம் முதலே ஒரு நிமிஷத்துக்குள், அல்லது இடையில் குறைந்து மூன்று நிமிஷத்துக்குள் முடிந்து, அது மனசையும் வாட்டினால்தான் டாக்டர்கள் இதைக் குறை என்கிறார்கள். நன்றாக இருந்தது திடீரென்று இப்படி ஆனால் தைராய்டு மாதிரி வேறு காரணமும் இருக்கலாம். ஸ்ப்ரே அதை மூடி மறைக்கும். நிறுத்தி, மறுபடி தொடங்கும் பயிற்சியை ஜேம்ஸ் செமன்ஸ் என்ற டாக்டர் 1956-லேயே எழுதிவிட்டார். பைசா செலவில்லை. ஆனால் மனைவி ஒத்துழைக்க வேண்டும். அதற்கு அவரிடம் பேசியாக வேண்டும்.

டாக்டரைக் கேட்டு ஸ்ப்ரே வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். பில் போடுகிற மருந்துக் கடையில் வாங்குங்கள். பொடி எழுத்தைப் படியுங்கள். படித்ததை வீட்டில் அவருக்கும் படித்துக் காட்டுங்கள். அந்த மருந்து படப்போவது உங்கள் ஒருவர் மேல் மட்டுமில்லையே!