நடுக்கடல்ல ஒரு மணி நேரம்

எங்க சித்தி பையன் மரைன் இன்ஜினியரிங் முடிச்சுட்டு எண்ணெய்க் கப்பல்ல சேர்ந்திருக்கான். இன்ஜின் ரூம் வேலை. சித்திக்கு ஒரே சந்தேகம்: "சுத்தித் தண்ணிதானே தம்பி, தீப்பிடிச்சா என்ன பயம்?"

பயம் இருக்குங்க. 2020 செப்டம்பர் 3, இலங்கையோட சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே நடந்தது. சுமார் 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெயோட குவைத்துல இருந்து பாராதீப் வந்துக்கிட்டிருந்த 'நியூ டயமண்ட்' கப்பலோட இன்ஜின் ரூம்ல வெடிச்சுத் தீ. 23 பேர்ல ஒருத்தர் இறந்துட்டார். இலங்கைக் கடற்படையும் நம்ம கடலோரக் காவல் படையும் நாள்கணக்கா போராடினாங்க. நல்லவேளை, எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ பரவலை.

கப்பலோட இரும்புச் சுவர் எரியாது. ஆனா சூட்டைக் கடத்தும். எங்க விளாங்குடி வீட்டு மொட்டைமாடி மதியம் குடிச்ச வெயிலை ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டில்ல இறக்குமே, அதே கதை. ஆனா இரும்பு அவ்வளவு நேரமெல்லாம் காத்திருக்காது. மறுபக்கம் சாய்ச்சு வச்ச மெத்தை, தீ தொடாமலே பத்திக்கும்.

அதனால சுவர்மேல ராக்வூல் போர்த்துறாங்க. எரிமலைப் பாறையை 1,500 டிகிரி பக்கம் உருக்கி, பஞ்சுமிட்டாய் மாதிரி சுழற்றி எடுத்த இழை. இரும்பு ஒரு கனமீட்டர் 7,850 கிலோ. இது நூறு கிலோ சொச்சம். கப்பல்ல மேல்தளத்துல எடை ஏறினா ஆட்டமும் ஏறும், அதான் இந்த லேசு முக்கியம். முன்னாடி ஆஸ்பெஸ்டாஸ் வச்சாங்க. அது நுரையீரலைத் தின்னுடும். 2011-லிருந்து கப்பல்கள்ல புதுசாப் பொருத்த முழுத் தடை.

'ஏ-60'னு ஒரு தரம் இருக்கு. சோதனை உலை ஒரு மணி நேரத்துல 945 டிகிரி தொடும். அதுவரைக்கும் மறுபக்கச் சூடு சராசரியா 140 டிகிரிக்கு மேல உயரக் கூடாது. தீயை அணைக்கறது இதோட வேலை இல்லை. ஆளுங்க படகுக்கு ஓட, பம்பை ஓட்ட, அறுபது நிமிஷம் வாங்கித் தருது, அவ்வளவுதான்.

நாங்க சாஃப்ட்வேர்ல சொல்ற ஃபயர்வால் மாதிரியேதான், ஒரு ஓட்டை போதும். புதுசா கேபிள் இழுத்துட்டு துளையைச் சரியா அடைக்காம விட்டா, அந்த வழியா புகையும் தீயும் போயிடும். இன்னொண்ணு, பஞ்சு எரியாதுதான். ஆனா கசியற டீசலைக் குடிச்சுட்டா அதுவே விளக்குத்திரி ஆயிடும்.

தம்பிகிட்ட ஃபோன்ல இதைத்தான் சொன்னேன்: "எங்கயாவது பஞ்சு ஈரமா, கருப்பா இருந்தா சும்மா விடாதடா, மேல சொல்லு."