அளவான சூடு

வீட்டுப் பரணில் பழைய சிலேட்டு ஏதாவது கிடக்கிறதா? கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். நீங்கள் பிடித்திருப்பது ஒரு காலத்துக் கடலடிச் சேறு!

நான் பி.காம். கல்லைப் பற்றிப் பேச எனக்கு உள்ள ஒரே தகுதி, திண்டுக்கல்லில் பிறந்தவன் என்பதுதான். ஜியாலஜி படித்த நண்பரோடு ஒருநாள் மலைக்கோட்டை ஏறினேன். மூச்சு வாங்க உட்கார்ந்தபோது சொன்னார்: ‘‘சிலேட்டுக் கல்லு லோ கிரேடு. உங்க ஊர்ப் பக்கத்துக் கல்லெல்லாம் ஹை கிரேடு.’’

கணக்குப் படித்தவனுக்கு லோ கிரேடு என்றால் மட்டச் சரக்கு. ‘‘அப்ப எங்க ஊர்க் கல்லுதான் ஒசத்தி!’’ என்றேன்.

சிரித்தார். ‘‘கிரேடுங்கறது தரம் இல்லங்க. எவ்வளவு வெந்திருக்குங்கற கணக்கு.’’

கடலின் தரை மெல்ல நகர்ந்து கண்டத்துக்கு அடியில் நுழையும். அதன் மேலிருக்கும் சேறும் மணலும் சுரண்டப்பட்டு, கண்டத்தின் ஓரத்தில் மடிப்பு மடிப்பாகக் குவியும். தோசைத்திருப்பி முன்னால் மாவு திரள்கிற மாதிரி. ஜப்பானின் ஷிமன்டோ பட்டை இப்படிக் குவிந்ததுதான். பெரும்பகுதி லேசாகத்தான் வெந்திருக்கிறது. 200, 300 டிகிரி சூட்டில் களிமண் உருகாது. அதன் துகள்கள் பொடிப்பொடி மைக்காத் தகடுகளாகி, ஒரே வாட்டத்தில் படுத்துக்கொள்ளும். சேறு ஏடு ஏடாகப் பிரிகிற கல்லாவது அப்படித்தான். ஆந்திராவின் மார்க்காப்பூர் சிலேட்டு குவிந்த கதை வேறு. ஆனால், வெந்த பதம் ஏறக்குறைய அதேதான்.

நம் கதை? திண்டுக்கல்லுக்கு வடக்கே, பாலக்காட்டிலிருந்து காவிரிப் பக்கம்வரை, பழைய கடல் ஒன்று மூடிக்கொண்ட தழும்பு ஓடுவதாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரப் பாறைகளில் சூடு 800 டிகிரியைத் தாண்டியது. கரிக்காலியில் சிமென்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லும் வண்டலாகப் பிறந்ததுதான். வெந்து பளிங்காகிவிட்டது.

‘‘ரொம்ப வெந்தா கல்லு பழசை மறந்துடும். லேசா வெந்தாத்தான் ஞாபகம் வெச்சிருக்கும்’’ என்றார் நண்பர்.

எனக்கு அப்பாவின் சிலேட்டு ஞாபகம் வந்தது. மளிகைக் கடையில், கல்லாப் பெட்டிக்குப் பின்னால் மாட்டியிருப்பார். கடன் பாக்கி எழுத. ஆறாவது படிக்கும்போது கல்லாவிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்தேன். முதுகு பழுக்கப்போகிறது என்று நடுங்கினேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சிலேட்டில், கடைசி வரியில் என் பெயர். எதிரே ‘ரெண்டு ரூபாய்’. அவரும் நானும் மட்டும் பார்க்கிற இடம். மூன்று வாரம் பொட்டலம் மடித்துக் கடனை அடைத்தேன். அன்று ஈரத்துணியால் அவரே அழித்தார். அப்புறம் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான்? போன வருடம் மார்க் குறைந்ததற்காக, விருந்தாளிகள் முன்னால் என் மகனைக் கத்தித் தீர்த்தவன். சரியாக 800 டிகிரி. அன்றிலிருந்து ரிப்போர்ட் கார்டை அவன் அம்மாவிடம்தான் நீட்டுகிறான்.

மலை இறங்கி வீட்டுக்கு வந்ததும் அவன் அறைக் கதவைத் தட்டினேன்.

‘‘என்னப்பா?’’ என்றான், திறக்காமலே.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

‘‘ஒண்ணுமில்லடா... தாத்தா கடையில ஒரு சிலேட்டு இருந்துச்சு. அதுல என் பேரை எழுதின கதை தெரியுமா உனக்கு?’’

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.