அம்முச்சியின் குரல்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்யாணமானவர்கள் வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு வீடியோ கேசட் நிச்சயம் இருக்கும். எங்கள் காங்கேயம் பக்கத்தில் இணைச்சீர், மங்கல வாழ்த்து, பந்தி என்று ஒன்று விடாமல் மூன்று மணி நேரம் எடுத்துத் தள்ளியிருப்பார்கள். போட்டுப் பார்க்கத்தான் இன்று டெக் கிடையாது. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த வி.எச்.எஸ். முறை இது. கடைசிவரை டெக் செய்துகொண்டிருந்த புனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

என் கல்யாணம் 1992 தை மாதம். அந்த கேசட்டில் என் அம்முச்சி பேசுகிறாள். நாலே வருஷத்தில் போய்விட்டாள். போட்டோ ஐந்தாறு இருக்கிறது; குரல் வேறெங்கும் இல்லை. பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள், "அம்முச்சி எப்படிம்மா பேசுவாங்க?" என்று கேட்டபோதுதான் அதை டிஸ்க்கில் ஏற்றக் கொடுத்தேன்.

கடையில் போட்டுக் கொடுத்த டிஸ்க்கில் படம் பளிச்சென்றுதான் இருந்தது. சத்தம்தான் மோசம். அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். பேச்செல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. முகூர்த்தம் வருவதற்குள் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்! கேட்டதற்கு, "பழைய டேப்புங்க, அவ்வளவுதான் வரும்" என்று முடித்துவிட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. ரேடியோ, டி.வி. ரிப்பேர் தெரிந்த என் அண்ணன் மகனிடம் கொண்டுபோனேன். "டேப்புல இருக்குதுங்கத்தை, எடுக்கிற விதம்தான் சரியில்லை" என்றான்.

முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சுருளில் வெள்ளைப் பொடி மாதிரி ஒட்டியிருந்தால் அது பூஞ்சணம். அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டுக்கும் பரவும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். துடைக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். கைக்குழந்தை இருக்கிற அறையில் இந்த வேலையே கூடாது. நல்லவேளை, எங்கள் கேசட்டில் ஓரமாக ஒரு தீற்றல்தான். பிறகு முழுக்க ஒருமுறை முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டினான். வருஷக்கணக்காகச் சுற்றிக் கிடந்த நாடா இளகிக் கொடுக்குமாம்.

சத்தம் ஏன் மங்கல் என்பதற்கு அவன் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. சாதாரண வீடியோ டேப்பில் படம் நடுவில். சத்தம் ஓரத்தில், மெல்லிய கோடாக. புடவையில் கரை முதலில் நைந்துபோகிற மாதிரி, டேப்பிலும் ஓரம்தான் முதலில் மடங்கிக் கசங்கும். அதனால்தான் படம் நன்றாக இருக்கும்போதே பேச்சு விட்டுவிட்டு வருகிறது. போதாததற்கு, பாட்டு கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். வீடியோ டேப் 2.34 சென்டிமீட்டர்தான். இருக்கிற தெளிவே கொஞ்சம்.

பதிவு செய்த மெஷினில் ஒலி ஹெட் ஒரு சாய்வில் இருந்திருக்கும். நம் டெக்கில் அது கொஞ்சம் மாறியிருந்தாலும் பேச்சு முணுமுணுப்பாகிவிடும். டெக்கைத் திறந்து, ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு சின்னத் திருகாணியின் பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டான். டேப் ஓட ஓட, கேட்டுக்கொண்டே அதை மயிரிழை திருப்பினான். போர்வையை உருவினாற்போல் பேச்சு வெளியே வந்தது! (இதை நாமே செய்து பார்க்க வேண்டாம், தெரிந்தவர் கைதான் வேண்டும்.)

'ம்ம்ம்' இரைச்சல் கரண்ட்டின் 50 சைக்கிள் சத்தம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டியதும் நின்றது. வாயும் பேச்சும் விலகுவதற்குக் காரணம், டேப் கெட்ட இடங்களில் கம்ப்யூட்டர் சில படங்களை விட்டுவிடுவது. சத்தம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். மூன்று மணி நேரத்தையும் ஒரே மூச்சில் ஏற்றாமல், பத்துப் பத்து நிமிஷமாக ஏற்றினான். தவில்காரர் குச்சி விழுகிற இடத்தில் அடியையும் சத்தத்தையும் பொருத்தினால் மற்றதெல்லாம் தானாகச் சேர்ந்துகொள்கிறது.

முகூர்த்தத்துக்கு வீடியோக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டிருந்தார். அந்தக் காலத்தில் அது ஒரு மோஸ்தர். அடியிலிருந்த மங்கல வாழ்த்து போனது போனதுதான், யாராலும் மீட்க முடியாது. பந்தியை மட்டும் எப்படியோ விட்டுவைத்திருக்கிறார்.

இரைச்சலைச் சுத்தமாக வழித்தெடுக்கவும் வழியிருக்கிறதாம். கொஞ்சம் செய்து காட்டினான். தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. "சோத்துல ஒரு கல்லு இருந்தாப் பரவாயில்லை கண்ணு, விட்டுரு" என்றேன். டிஸ்க்கும் கெட்டுப்போகிற சாமான்தான் என்று ஹார்டு டிஸ்க்கில் இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தான். கேசட்டையும் தூக்கிப் போடவில்லை.

பந்தியில் அம்முச்சி என்னைப் பார்த்துச் சொல்கிறாள்: "அம்மிணி, வெறும் வயித்தோட நிக்காத, ரெண்டு வாய் தின்னுபோட்டுப் போ."

மகள் மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டாள். "நீங்க எனக்குச் சொல்றதும் இதேதானேம்மா!" என்றாள், மடியில் குழந்தையைத் தட்டிக்கொண்டே. அப்புச்சியின் அறுபதாம் கல்யாண கேசட் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதில் பூஞ்சணம் கொஞ்சம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.